தாங்குதலும் தேய்தலும்: ஒரு பழைய பந்தயக் காரை முன்னிறுத்திச் சில அறவியற் சிந்தனைகள்

தாங்குதல் என்னும் சொல்லை நாம் அன்றாடம் வழங்குகின்றோம். தூண் கூரையைத் தாங்குகின்றது. தாய் பிள்ளையைத் தாங்குகின்றாள். பொறுமையுள்ளவன் பிறர் சொல்லைத் தாங்குகின்றான். பொருளுக்கும் மனிதருக்கும் மனவுணர்வுக்கும் ஒரே வினைச்சொல்லை வழங்கும் இவ்வழக்கு நமக்கு இயல்பாகிவிட்டமையால், இத்தாங்குதல்கள் யாவும் ஒரு தன்மையனவோ என்று நாம் வினவுவதில்லை. ஆயின் தாங்குவது எதுவாயினும் தேயும். தேய்ந்ததை அறிந்தவனுக்குள்ள பொறுப்பு யாது? தாங்குவோரின் நடுக்கத்தைத் தாங்கப்படுவோர் அறியவேண்டுமா? தேய்ந்த பொருளை மாற்றுவது போலத் தேய்ந்த மனிதரையும் மாற்றலாமா? இம்மூன்று வினாக்களையும் ஒரு சிறு பொருளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பொருள், பந்தயத்தில் ஓடும் பழைய மோட்டார்க் கார் ஒன்றின் எஞ்சினை அதன் சட்டத்தோடு இணைக்கும் இறப்பர்த் தாங்கி. மலையகத்துக் கராஜ்களில் 'எஞ்சின் மவுண்டிங்' என்று வழங்கப்படுவது இதுவே. தமிழ்ச் சங்க மலரொன்றில் அறவியற் கட்டுரைக்கு இஃதொரு பொருளாகுமா என்று சிலர் வினவக்கூடும். பெருந்தேரின் ஓட்டம் ஒரு சிற்றாணியைச் சார்ந்திருத்தலை எடுத்துக்காட்டி, உருவின் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது என்று வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்தினார். தேரின் ஆணியிலிருந்து அறத்தைக் கண்டது நம் மரபு. காரின் தாங்கியிலிருந்து அதனைக் காண முயல்வது அம்மரபுக்குப் புறம்பானதன்று.

இத்தாங்கியின் அமைப்பு எளியது. இரண்டு உலோகத் தகடுகள்; அவற்றுக்கிடையே வெப்பமூட்டி ஒட்டப்பட்ட இறப்பர்க் கட்டி. ஒரு தகடு எஞ்சினோடும் மற்றையது சட்டத்தோடும் முடுக்கப்படும். இதன் தொழில் மூன்று. எஞ்சினின் பாரத்தைச் சுமப்பது ஒன்று. சில்லுகளைச் சுழற்றும்போது எதிர்த்திசையில் திரும்ப முயலும் எஞ்சினைத் தடுத்து நிறுத்துவது மற்றொன்று. எஞ்சினின் அதிர்வு வண்டியின் உடலுக்கும் உள்ளே அமர்ந்திருப்பவருக்கும் செல்லாதவாறு அதனைத் தன்னுள் வாங்கிக்கொள்வது மூன்றாவது. நான்கு சிலிண்டர்களும் நான்கு வீச்சுக்களும் கொண்ட எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 தடவை சுழலுமாயின், அதனுள் ஒரு விநாடிக்கு 200 வெடிப்புகள் நிகழ்கின்றன. அத்துணை அதிர்ச்சியையும் விழுங்கிச் சிறு வெப்பமாக மாற்றிவிடுவது கையகலங்கூட இல்லாத ஓர் இறப்பர்த் துண்டு.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் இத்தகைய தாங்கி இருக்கவில்லை. எஞ்சின் நேரே சட்டத்தில் முடுக்கப்பட்டிருந்தது. அதன் நடுக்கம் முழுவதும் ஓட்டுபவரின் உடலுக்குச் சென்றது. 1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் எஞ்சினை இறப்பரின்மேல் 'மிதக்க' வைக்கும் முறையைப் புகுத்தியது. அடுத்த ஆண்டிலேயே பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் அம்முறையைத் தன் கார்களிற் பயன்படுத்தத் தொடங்கி, நீரில் மிதக்கும் அன்னப்பறவையை அதற்குச் சின்னமாகக் காட்டிற்று. அன்னத்தின் உருவம் பொருத்தமானதே. மேலே அமைதியாகத் தோன்றுவதன் கீழே எப்பொழுதும் ஏதோ ஒன்று ஓயாது உழைத்துக்கொண்டிருக்கின்றது.

அவ்விறப்பரும் நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகள் இங்கிலாந்தின் கியூ பூங்காவில் முளைவிட்டு, 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு நாற்றுகளாக வந்துசேர்ந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கி ஒன்பது ஆண்டுகளே அப்பொழுது கழிந்திருந்தன. தேயிலை மலைகளிலும், களுத்துறை, கேகாலை ஆகிய பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் உழைத்தனர். ஆதலின் மேலைநாட்டுக் கார் ஒன்று சத்தமின்றி ஓடியதற்குப் பின்னாலும், அந்நாட்டு மாலைப்பொழுதுகளில் தேநீர்க் கோப்பை ஒன்று ஆவிபறக்க வந்ததற்குப் பின்னாலும் ஒரே மக்களின் கைகள் இருந்தன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இனி, நம் மலைநாட்டுப் பந்தயத்தை நோக்குவோம். நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய மோட்டார்ப் பந்தயங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது. ரதல்லையிலும் இத்தகைய பந்தயம் நடைபெற்று வந்துள்ளது. ஏப்ரல் மாத வசந்தகாலத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து ஏறும் ஒடுங்கிய பாதையில், கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவில் வளியின் அழுத்தம் கரையோரத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கேயாகும். மூச்சுக் குறைந்த எஞ்சினிலிருந்து முழு வலிமையையும் பெற ஓட்டுநர் முடுக்கியை ஆழ மிதிப்பார். வளைவு வந்ததும் சட்டென விடுவார். வளைவு கழிந்ததும் மீண்டும் மிதிப்பார். ஒவ்வொரு மிதிப்பிலும் எஞ்சின் ஒரு புறம் சாயும். ஒவ்வொரு விடுப்பிலும் மறுபுறம் சாயும். அச்சாய்வு அனைத்தையும் ஏற்பது தாங்கிகளே. சமவெளியில் ஆண்டுக்கணக்கில் நிகழும் தேய்வு இங்கே சில பந்தயங்களுக்குள் நிகழ்ந்துவிடுகின்றது.

இப்பாதைகளிற் பழைய கார்கள் ஓடுவதற்குப் பற்று மட்டும் காரணமன்று. 1970 முதல் 1977 வரையிலான காலத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. புதிய வண்டி கிடையாது, உதிரிப்பாகமும் அரிது. பிற்காலத்தில் 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழிதிறக்கப்பட்டது. இத்தகைய காலங்களிலெல்லாம் உள்ளதைப் பேணிக் காக்கும் அறிவே இந்நாட்டின் வண்டிகளை ஓடச் செய்தது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் மினியும் பிறந்த நாட்டில் காட்சிப்பொருளாகிவிட்ட பின்னரும் நம் மலைப்பாதைகளில் உழைக்கும் வண்டிகளாக நீடித்தன.

1959இல் வெளிவந்த மினியை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் வண்டியின் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும். இரு பக்கத்திலும் இரண்டு இறப்பர்த் தாங்கிகள் அதன் பாரத்தைச் சுமக்க, மேற்பகுதியில் ஒரு சிறு இரும்புத்தண்டு அது முன்னும் பின்னும் ஆடாமல் தடுக்கும். அத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள இறப்பர்ப் புஷ்கள் தேய்ந்தால், கிளச்சை விடும்போது எஞ்சின் குதிக்கும், கியர்த்தடி நடுங்கும், நாளடைவிற் புகைக்குழாயின் இணைப்பு வெடிக்கும். பழுதறியாதவர் புகைக்குழாயை மாற்றுவார். சில மாதங்களில் அது மீண்டும் வெடிக்கும். மீண்டும் மாற்றுவார். முறிந்ததைப் பார்த்தவர் முறித்ததைப் பார்ப்பதில்லை. அறவாழ்விலும் இது நாம் அடிக்கடி காண்பதே. கோபத்தில் உடைந்துபோன ஒரு குடும்பத்தை நோக்கி அறிவுரை கூறுவோர் பலர். அக்குடும்பம் எதைத் தாங்கித் தாங்கித் தேய்ந்தது என்று கேட்போர் சிலர்.

தாங்கியின் தேய்வுக்கு மற்றுமோர் இயல்பு உண்டு. அது திடீரென நிகழ்வதன்று. வெப்பமும் எண்ணெய்க் கசிவும் காலமும் சேர்ந்து இறப்பரைச் சிறிது சிறிதாக இளக்கியும் வெடிக்கச் செய்தும் உலோகத்திலிருந்து பிரிக்கின்றன. நாள்தோறும் அவ்வண்டியை ஓட்டுபவர் நாள்தோறும் கூடிவரும் நடுக்கத்துக்குத் தம்மையறியாமலே பழகிவிடுகின்றார். முதன்முறை அதில் ஏறும் அந்நியரே, 'வண்டி ஏன் இப்படி ஆடுகின்றது?' என்று கேட்பார். பழக்கம் அறியாமையின் ஒரு வடிவம். ஆகவே, அறியாமற் செய்த பிழை குற்றமாகாது என்னும் வாதம் ஈண்டு முழுமையாகப் பொருந்தாது. பழகிப்போனதால் அறியாமலிருப்பவனுக்கு, இடையிடையே அறிய முயலும் கடமை உண்டு. பந்தயத்துக்கு முன் வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரிகள் நியமிக்கப்படுவதன் தத்துவமும் இதுவே. தன் வண்டியைப் பழகாத கண்ணால் தானே பார்த்தல் எவருக்கும் அரிது.

இனி, அறிந்த பின் எழும் வினாவுக்கு வருவோம். ஹற்றனில் ஒரு கராஜில் வேலைசெய்யும் என் தாய்மாமனிடம் பந்தயத்துக்கு முன் கொண்டுவரப்பட்ட பழைய மினி ஒன்றை நான் பார்த்திருக்கின்றேன். சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஒருவர் கிளச்சை மெல்ல விட, மாமா திறந்த பொனற்றின் பக்கத்தில் நின்று எஞ்சின் எவ்வளவு எழும்புகின்றது என்று பார்த்தார். அது எழும்பிய அளவைக் கண்டு, இரண்டு மவுண்டிங்குகளையும் தண்டின் புஷ்களையும் மாற்றவேண்டும் என்றார். உரிய பாகம் கொழும்பிலிருந்து வருவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். உரிமையாளர், "இந்த ஒரு ஏத்தத்துக்கு மட்டும் தாங்கும் பாஸ், பொறகு மாத்துவோம்" என்றார். மாமா இசையவில்லை. அவர் போனபின், ஓட்டுபவரே சம்மதிக்கும்போது நமக்கென்ன என்று நான் கேட்டேன். "தம்பி, ஓட்டுறவரு தன் உயிர வைக்கலாம். மேட்டுல நின்னு பாக்குற லயத்துப் புள்ளைங்க உயிரையும் சேத்து வைக்க அவருக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்றார் அவர்.

தன் செயலால் தனக்கு மட்டுமே தீங்கு விளையுமிடத்து ஒருவனைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமையில்லை, பிறருக்குத் தீங்கு விளையுமிடத்தே அவ்வுரிமை தொடங்குகின்றது என்று 1859இல் ஜோன் ஸ்ருவர்ட் மில் எழுதினார். மாமா மில்லைப் படித்தவரல்லர். எனினும் அவர் நின்ற இடம் அதுவே. தேய்ந்த தாங்கியொன்று பிறருக்குத் தீங்கு செய்யுமா என்று ஐயுறுவோர் அமெரிக்க வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1960களின் பிற்பாதியில் தயாரிக்கப்பட்ட செவ்ரலே வண்டிகளில் எஞ்சின் தாங்கியின் இறப்பர் பிரிந்தபோது, எஞ்சின் மேலெழுந்து முடுக்கியின் இணைப்பை இழுத்தது. மிதிக்காமலே வேகம் கூடிற்று. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 67 இலட்சம் வண்டிகளைத் திருத்தத்துக்காகத் திருப்பி அழைக்க நேர்ந்தது. அத்திருத்தம் யாதெனின், தாங்கிகளை மாற்றுவதன்று. எஞ்சின் அளவுக்கு மீறி எழாதவாறு ஒரு கம்பிவடத்தாற் கட்டுவது. தேய்ந்ததைத் தேய்ந்தவாறே விட்டு, அதன் விளைவை மட்டும் கட்டிப்போடுவது மலிவானது என்று கண்டனர் போலும். இம்மனப்பாங்கு கார்த் தொழிலுக்கு மட்டும் உரியதன்று.

பந்தயப் பாதையின் ஓரத்தில் நிற்போரின் நிலை வெறுங் கற்பனையன்று. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையைவிட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அந்நிகழ்வின் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் பொருளன்று. பந்தயத்தின் ஆபத்து ஓட்டுநரின் இருக்கையோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அது துயரத்தோடு நிறுவிற்று. ஓட்டுநர் தலைக்கவசமும் இருக்கைப்பட்டியும் அணிந்திருக்கின்றார். மண்மேட்டில் நிற்கும் பிள்ளைக்கு அவை இல்லை. தான் எதற்குச் சம்மதித்து நிற்கின்றது என்பதையும் அப்பிள்ளை அறியாது. ஆகவே, தேய்வை அறிந்த தொழிலாளி வாய்மூடியிருத்தல் நடுநிலைமையன்று. அது பிள்ளையின் பங்கிலிருந்து எடுத்து உரிமையாளருக்குக் கொடுத்த கொடையாகும்.

ஆயினும், இதனைக் கூறுவது எளிது. மறுத்துரைத்த தொழிலாளி அன்றைய கூலியை இழக்கின்றான், வாடிக்கையாளரையும் இழக்கக்கூடும். அவன் மறுத்தால் அடுத்த கராஜில் வேறொருவன் பழைய ரயரின் பக்கச்சுவரை வெட்டி இடையே செருகி அனுப்பிவிடலாம். இவ்வாறிருக்க, அறத்தின் முழுப் பாரத்தையும் கூலிக்கு உழைப்பவன் தலையிலேற்றி, அவன் மறுக்கவேண்டும் என்று எழுதுகோல் பிடித்த நாம் கூறுவது நியாயமாகுமா? தனிமனிதரின் துணிவை மட்டும் நம்பியிருக்கும் அறம், ஒரே தாங்கியில் எஞ்சின் முழுவதையும் நிறுத்துவது போன்றது. அதனாலேயே பரிசோதனை அதிகாரி வேண்டும், விதி வேண்டும், மறுத்தவன் பட்டினி கிடக்காதவாறு காக்கும் அமைப்பு வேண்டும். எனினும் அமைப்பு வரும்வரை மாமா போன்றோர் காத்திருக்கவில்லை என்பதும் உண்மை. அமைப்பின் தேவையை வலியுறுத்துவதால் தனிமனிதரின் கடமை நீங்கிவிடாது. தனிமனிதரைப் போற்றுவதால் அமைப்பின் குறை மறைந்துவிடவும் கூடாது.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். பந்தயக் கார்களில் மென்மையான இறப்பரை நீக்கி, கடினமான பொலியூரிதேன் தாங்கிகளையோ, முற்றும் உலோகத்தாலான தாங்கிகளையோ பொருத்துவார்கள். அவற்றால் எஞ்சின் அசையாது. மிதித்தவுடன் வலிமை சில்லுக்குச் செல்லும். ஆனால் அதற்கொரு விலை உண்டு. எஞ்சினின் அதிர்வு முழுவதும் உடற்சட்டத்துக்கும் ஓட்டுநரின் கைகால்களுக்கும் போய்ச்சேரும். காலப்போக்கிற் சட்டத்தின் பற்றுவைப்புகளும் வெடிக்கக்கூடும். மென்மையான தாங்கி ஓட்டுநருக்கு அமைதியைத் தருகின்றது; கடினமான தாங்கி அவருக்குச் செய்தியைத் தருகின்றது. எஞ்சின் எவ்வாறு உழைக்கின்றது, எங்கே திணறுகின்றது என்பதை அவர் உடலாலேயே அறிந்துகொள்கின்றார். அமைதியா, அறிவா என்பது ஒரு தொழில்நுட்ப வினாப் போலத் தோன்றினும் உண்மையில் அஃதோர் அறவியல் வினாவாகும்.

தாங்குவோரின் நடுக்கம் தம்மை வந்தடையாதவாறு அமைக்கப்பட்ட வாழ்வு வசதியானது. மழையில் நனைந்து, அட்டைக்கடி தாங்கி, செங்குத்தான மலையிற் கொழுந்து கொய்த கைகளின் நடுக்கம், கங்காணி, துரை, கம்பனி, ஏலம், கப்பல், கடை என்னும் பல தாங்கிகளைக் கடந்து கோப்பையில் தேநீராகச் சேரும்போது முற்றும் அடங்கிவிடுகின்றது. குடிப்பவர் கொடியவரல்லர். அவர் எதையும் உணரவில்லை, அவ்வளவே. உணராமையைக் குற்றம் என்று கூறவியலாது. ஆனால் உணராதவாறு பல அடுக்குகளை அமைத்துக்கொண்டு, உணராமையையே காரணம் காட்டிப் பொறுப்பை மறுப்பது குற்றமாகும்.

அப்படியாயின் எல்லாத் தாங்கிகளையும் இரும்பாக்கிவிடலாமா? ஒவ்வொருவரும் மற்றெல்லோருடைய நடுக்கத்தையும் முழுமையாக உணரவேண்டுமா? அதுவும் இயலாது. உலகின் துயரனைத்தும் ஒருங்கே வந்து தாக்குமாயின் எம்மனமும் வெடித்துவிடும். வெடித்த மனம் யாருக்கும் உதவாது. தேர்ந்த தொழிலாளர் பந்தயத்துக்கு ஒருவகைக் கடினமும் பயணத்துக்கு ஒருவகை மென்மையும் தெரிந்து பொருத்துகின்றனர். அவ்வாறே, நம் செயலாற் பிறர் தேயுமிடத்தில் நம் உணர்வு கடினத் தாங்கியின்மேல் இருத்தல்வேண்டும். நாம் ஏதும் செய்யவியலாத இடத்தில் சற்றே மென்மை இருப்பினும் பிழையில்லை. நடைமுறையில் நாமோ பெரும்பாலும் இதற்கு மாறாகவே பொருத்தியிருக்கின்றோம். தொலைவிலுள்ள துயருக்குக் கண்கலங்குகின்றோம். நம் வீட்டு வேலைக்கு வந்த லயத்துச் சிறுமியின் கைக்காயம் நம்மை அசைப்பதில்லை.

மூன்றாவது வினா மாற்றுதல் பற்றியது. தேய்ந்த தாங்கியை மாற்றும் முறை கராஜிலுள்ள எவரும் அறிந்தது. எண்ணெய்த்தொட்டியின் கீழே பாரம் பரவும்படி ஒரு மரக்கட்டையை வைத்து ஜக்கினால் எஞ்சினைச் சிறிது உயர்த்துவார்கள். அஃதாவது, பாரம் முதலில் நீக்கப்படுகின்றது. பின் போல்ற்றுகளைக் கழற்றிப் பழையதை எடுத்துப் புதியதை வைப்பார்கள். எஞ்சினை இறக்கி, அது தன் இடத்தில் இயல்பாக அமர்ந்த பின்னரே இறுக முடுக்குவார்கள். ஒன்று தேய்ந்திருப்பினும் மற்றையதையும் சேர்த்து மாற்றுவதே நல்ல வழக்கம். ஏனெனின், ஒன்று தளர்ந்த காலமெல்லாம் அதன் பங்கையும் மற்றையது சுமந்திருக்கும். புதியதன் பக்கத்தில் அந்தத் தேய்ந்ததை நிறுத்துவது இரண்டுக்கும் கேடு.

மாற்றிய பின்னரும் அது அதே காரா? தீசியசின் கப்பல் பற்றிக் கிரேக்கர் இவ்வினாவை எழுப்பினர்; தேரின் உறுப்புகளுள் எது தேர் என்று மிலிந்த அரசனிடம் நாகசேனர் வினவியதாகப் பௌத்த நூல் கூறும். காரைப் பொறுத்தவரை இவ்வினா நம்மை வருத்துவதில்லை. ஓடவேண்டியது ஓடினால் அது அதே கார்தான். பொருளின் பயன் மற்றொன்றாலும் நிறைவேறுமாகையால், அதனை மாற்றுவதில் இழப்பு யாதுமில்லை. விலையுள்ளதற்கு ஈடாக மற்றொன்றை வைக்கலாம், ஈடற்றதற்கோ விலையில்லை மாண்பே உண்டு என்று 1785இல் வெளியான தம் நூலில் கான்ற் வகுத்த பாகுபாடு இங்கே பொருந்துகின்றது. இறப்பர்த் தாங்கிக்கு விலை உண்டு. மனிதருக்கு அஃதில்லை.

இப்பாகுபாட்டை மறுப்பார் இலர். ஆயினும் வரலாறு அதனை மறந்த காலங்கள் பல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பது என்று வகுத்தது. 1974இல் அவ்வெஞ்சியோர் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே லயத்தில் தமக்கை ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் உரியராயினர். உதிரிப்பாகங்களை எண்ணிப் பங்கிடும் முறையில் மனிதர் பங்கிடப்பட்டனர் என்று கூறின் மிகையாகாது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். நம் மரபு பொறுமையைப் பேரறமாகப் போற்றவில்லையா? தன்னைத் தோண்டுவோரையும் சுமக்கும் நிலத்தை வள்ளுவரே பொறையுடைமைக்கு உவமையாக்கவில்லையா? தாங்குதல் பெருமையாயின், தாங்குவோரின் தேய்வைக் குறைகூறுவது ஏன்? இத்தடையை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. என் பாட்டியர் தலைமுறையினர் தம் பொறுமையைப் பெருமையாகவே கருதினர். அப்பெருமையை அவர்களிடமிருந்து பறிக்க எனக்கு உரிமையில்லை.

எனினும், பொறை வேறு, பாரம் வேறு. திருப்பித் தாக்கும் ஆற்றலும் உரிமையும் இருந்தும் தாக்காதிருப்பவனின் தாங்குதல் பொறை. விலகிச் செல்ல வழியற்றவனின் தாங்குதல் பாரம். முன்னையது அவன் குணம். பின்னையது அவன்மேல் வைக்கப்பட்டது. இறப்பர்த் தாங்கியை எவரும் பொறுமையுள்ளது என்று புகழ்வதில்லை. ஏனெனின் அதற்குத் தெரிவு இல்லை. தெரிவற்ற மனிதரைப் பொறுமைசாலிகள் என்று புகழ்வோர், தம்மையறியாமலே அவர்களை இறப்பரின் நிலைக்கு இறக்கிவிடுகின்றனர். மேலும், இவ்வறத்தை எடுத்துரைப்பவர் யார் என்பதும் நோக்கத்தக்கது. பொறுமையைத் தனக்குத்தானே விதித்துக்கொள்பவன் சான்றோன். தன்னைச் சுமப்பவனுக்குப் பொறுமையை விதிப்பவன், தன் பயணத்தின் அமைதியைக் காத்துக்கொள்பவன் மட்டுமே.

ஆகவே, தேய்ந்த மனிதருக்குச் செய்யவேண்டிய கடன் யாது? கராஜின் முறையிலேயே அதற்கும் ஒரு குறிப்பு உண்டு. மாற்றுதற்கு முன் செய்யப்படுவது பாரத்தை உயர்த்துதல். பொருளின் விடயத்தில் அஃதொரு முதற்படி மட்டுமே. மனிதர் விடயத்தில் அதுவே முழுக் கடன். சுமையைக் குறைத்தல், தேய்வை நேரத்தில் அறிதல், ஒருவர் தளர்ந்தபோது அவர் பங்கையும் சேர்த்துச் சுமந்த மற்றவரை மறவாதிருத்தல் ஆகியன அதன் கூறுகள். தேயிலை மலையிலிருந்து ஓய்வுபெறும் தாயின் இடத்துக்கு அவள் மகளை அனுப்புவது மாற்றுதலாகும். அம்மகளுக்கு வேறு தெரிவுகளும் இருக்கச் செய்து, அவள் விரும்பினால் மலைக்கும் மதிப்போடு செல்லலாம் என்னும் நிலையை ஆக்குவதே கடனாற்றுதலாகும். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள எம் போன்றோர் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. நாம் ஏறிவந்த வண்டி ஆடாமல் வந்தது என்றால், அதன் ஆட்டத்தைத் தம் உடலில் வாங்கியவர் யாரோ ஒருவர் இருந்திருக்கின்றார்.

பழைய காரின் தாங்கி தேய்ந்தால் காலந்தாழ்த்தாது மாற்றுக, ஓடுமுன் மாற்றுக, மாற்றாமல் ஓட்டக் கேட்பவருக்கு மறுத்துரைக்க. அஃது இயந்திரத்துக்கும் பாதையோரத்தில் நிற்பவருக்கும் நாம் செய்யும் நீதி. தாங்குவது மனிதராயின், மாற்றுவதைப் பற்றி எண்ணாது, அவர்மேல் நாம் வைத்த பாரத்தை முதலில் எண்ணுக. பொருளைத் தேய்ந்தபின் மாற்றுவது அறிவு. மனிதரைத் தேயவிடாமற் காப்பது அறம். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று மயக்காதிருத்தலே நாகரிகத்தின் அளவுகோல் என்பது இக்கட்டுரையின் துணிபாகும்.